நாற்பதைத் தாண்டிய இருவருக்கு ஏற்ற பனிமலை தேவை

ஸ்கீ, அதாவது பனிச்சறுக்கு, பழகப் போகிறோம் என்று சொந்தக்காரர் யாரிடமும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. சொன்னால் ஆளுக்கொரு மலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

நாங்கள் சுவிட்சர்லாந்தில், பெர்னில் இருக்கிறோம். பனி தள்ளியிருக்கிறோம், பனியில் வழுக்கி விழுந்திருக்கிறோம், பனியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றிருக்கிறோம். பனியில் விளையாடியது மட்டும் கிடையாது. பிள்ளைகளின் கதை வேறு. பள்ளிக்கூடத்திலிருந்தே ஸ்கீலாகர், அதாவது ஸ்கீ முகாம், என்று மலைக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். ஒரு கிழமை அங்கே தங்கிவிட்டு வரும்போது, அப்பா அம்மாவைப் பார்த்துப் பரிதாபப்படும் அளவுக்குத் தேறியிருப்பார்கள். எங்கள் மகளும் அப்படித்தான். "நீங்கள் ரெண்டு பேரும் எப்ப பழகப் போறீங்கள்?" என்று மார்கழி வந்தால் கேட்பாள். வழக்கமாகச் சிரித்துவிட்டுப் பேப்பரைத் திருப்பும் என் கணவர், இந்த முறை "சரி, போவம்" என்று சொல்லிவிட்டார்.

முதலில் வந்தது அக்காவின் கணவர். "டிட்லிஸ்தான். யோசிக்கவே வேண்டாம். ஊரிலிருந்து ஆர் வந்தாலும் நான் அங்கைதான் கூட்டிக்கொண்டு போறனான்." உண்மைதான். சுழலும் கேபிள்காரில் 3,000 மீட்டருக்கு மேலே ஏறி, ஆளுக்கொரு படம் எடுத்து, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு இறங்குவார்கள். ஸ்கீயில் இறங்குவதென்றால் மேலேயிருந்து எங்கெல்பெர்க் ஊர்வரை ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தை இறங்க வேண்டும். அத்தான் அத்தனை மீட்டரையும் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றபடி இறங்கியவர். அதே மலையில் கீழே கெர்ஷ்னியால்ப் என்று பழகுநர்களுக்கு அருமையான சாய்வு இருக்கிறது. படம் எடுக்க உச்சி தெரியாது என்பதால் அது அத்தானின் பட்டியலில் இல்லை.

என் கணவருக்கு வெங்கன் என்ற மலையூரின்மேல் கண். ஒவ்வொரு தை மாதமும் அங்கே நடக்கும் லவுபர்ஹோர்ன் ஸ்கீ பந்தயத்தை டிவியில் பார்ப்பவர். 1930இலிருந்து நடப்பது, பாதை நாலரை கிலோமீட்டர் அளவு வரும், வீரர்கள் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டுவார்கள். "அங்கை நாங்கள் என்ன செய்யிறது?" என்று கேட்டேன். "அவ்வளவு பெரிய பந்தயம் நடக்கிற இடம். பாதையை நல்லா வைச்சிருப்பாங்கள்" என்றார். வெங்கனிலும் பழகுநர்களுக்கு இடம் உண்டு என்பதை அவர் விசாரித்ததாகத் தெரியவில்லை.

வேலையிடத்தில் ஒரு சுவிஸ்காரப் பெண்ணிடம் எது சுலபமான இடம் என்று கேட்டுப் பார்த்தேன். "எல்லாமே சுலபம்தான்" என்றாள். மூன்று வயதிலிருந்து சறுக்குகிறவள். மீனிடம் போய் எந்தக் குளத்தில் ஆழம் குறைவு என்று விசாரித்த மாதிரி ஆகிவிட்டது.

கடைசியில் இவரே ஒரு இடத்தைப் பிடித்தார். பெயர் வேண்டாம். விளம்பரத்தில் பாதைகளின் நீளத்தைப் பெரிய எழுத்தில் போட்டு, பாதிக்கு மேல் நீலம் என்று எழுதியிருந்தார்கள். இங்கே நீலம் சுலபம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். நீலப் பாதையின் சாய்வு பொதுவாக 25 சதவீதத்தைத் தாண்டாது. ஆனால் சாய்வைத்தான் நிறம் சொல்லும், அகலத்தைச் சொல்லாது. அங்கே இருந்த நீலத்தில் முக்கால்வாசி காட்டுக்குள் போகும் ஒற்றைப் பாதை. ஒரு பக்கம் மரம், மறுபக்கம் ஒன்றும் இல்லை.

அந்த ஒற்றைப் பாதைக்கு வரும் முன்பே லிஃப்ட் எங்களைக் கவனித்துக்கொண்டது. நங்கூர வடிவக் கம்பி ஒன்று கயிற்றில் வரும், இரண்டு பேருக்கு ஒன்று. அது பின்பக்கத்தில் பட்டு நம்மைத் தள்ளிக்கொண்டு போகும், நாம் நின்றபடி போக வேண்டும். கம்பியைக் கண்டதும் இவர் பஸ்ஸில் சீட் கிடைத்த சந்தோஷத்தோடு உட்கார்ந்துவிட்டார். கம்பி கீழே போனது, இவரும் போனார், பக்கத்தில் நின்ற பாவத்துக்கு நானும் போனேன். லிஃப்ட் நின்றது. மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த முழு வரிசையும் திரும்பிப் பார்த்தது. "நிட் ஹொக்கே!", உட்கார வேண்டாம் என்று லிஃப்ட்காரர் கத்தினார். இவர் பனிக்குள் கிடந்தபடியே, "என்ன, இருக்க வேண்டாமாமோ?" என்றார்.

ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தபோதுதான் அடுத்த விஷயம் விளங்கியது. அந்த லிஃப்ட் ஆளை ஏற்றுமே தவிர இறக்காது. நாங்கள் ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு, பாதையின் ஓரமாக நடந்தே இறங்கினோம். மகள் எங்களைத் தாண்டிப் பலமுறை போனாள். தெரிந்தவள் மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

அதன்பிறகு இடம் பார்க்கும் பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். உச்சி எவ்வளவு உயரம், பாதை எத்தனை கிலோமீட்டர் என்று ஒன்றையும் பார்க்கவில்லை. "உங்களுக்கு வேண்டியது நூறு மீட்டர், அம்மா." பழகும் திடல் ஊருக்குள்ளேயே இருக்கிறதா, மேலே இருந்தால் கேபிள்காரிலேயே திரும்பி இறங்க முடியுமா? கம்பி லிஃப்ட் இல்லாமல் மாயக்கம்பளம் இருக்கிறதா? அது ஒரு நகரும் ரப்பர் பட்டி, அதில் சும்மா நின்றால் மேலே போய்விடலாம். சாய்வு முடிகிற இடம் தட்டையாக, முடிந்தால் கொஞ்சம் ஏற்றமாக இருக்க வேண்டும், நிறுத்தத் தெரியாதவர்களும் தானாக நின்றுவிடுவார்கள். வளர்ந்தவர்களுக்குத் தனிக் குழு வகுப்பு வேண்டும். முழு மலைக்கும் நாள் டிக்கெட் எடுக்காமல் பழகும் திடலுக்கு மட்டும் காசு கட்ட முடிய வேண்டும். ஸ்கீ வாடகைக் கடை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடப்பதே ஒரு தனிப் பயிற்சி.

மாசியில் வரும் பள்ளி விளையாட்டு விடுமுறைக் கிழமைகளையும் அவள் தவிர்த்தாள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிலக்கரியை மிச்சம் பிடிக்கப் பள்ளிகளை மூடியதில் தொடங்கிய விடுமுறை அது. இப்போது மிச்சம் பிடிப்பதற்கு எதிர்மாறாக முழு நாடும் மலையில் காசைக் கொட்டுகிறது. லிஃப்ட் வரிசையில் எங்களைப் போன்றவர்கள் நின்றால் பின்னால் நிற்பவர்கள் வயதாகிவிடுவார்கள்.

அவள் தேர்ந்தெடுத்தது கிரிண்டெல்வால்ட். பெர்னிலிருந்து ரயில், இன்டர்லாக்கன் ஓஸ்ட்டில் மாற வேண்டும். ஊரை ஒட்டியே போட்மி என்ற பழகும் திடல் இருக்கிறது. மாயக்கம்பளம் உண்டு, எதிரே ஐகர் மலை. ஊர் ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலேதான். உயரம் குறைந்த இடங்களில் பனியை நம்ப முடியாது என்பதால், போகும் முன் நேரடி கேமராவைப் பார்த்துக்கொள்வது நல்லது. நாங்கள் போனபோது நல்ல குளிர், நல்ல பனி.

திடல் முழுக்கச் சின்னப் பிள்ளைகள். எங்கள் வகுப்பிலும் எங்களைப் போலவே மூட்டு வலிக்காரர்கள் சிலர் இருந்தார்கள், அது பெரிய ஆறுதல். வாத்தியார் சொன்ன முதல் பாடம் பிட்ஸா. ஸ்கீயின் முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை அகட்டி, பிட்ஸாத் துண்டு வடிவில் வைத்தால் வேகம் குறையும். குழந்தைகளுக்குச் சொல்வதையே எங்களுக்கும் சொன்னார். பிள்ளைகள் விழுந்தால் உருண்டு எழும்புகிறார்கள். நாங்கள் விழுந்தால் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம், அப்புறம் கையை எங்கே ஊன்றுவது என்று ஒரு ஆலோசனைக் கூட்டம்.

வாத்தியார் சொன்னதில் இவருக்கு மிகவும் பிடித்தது சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தின் பத்து விதிகளில் ஒன்று: முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை, பின்னால் வருகிறவர்தான் விலகிப் போக வேண்டும். "அப்ப என்னட்டை எல்லாரும் விலகத்தானே வேணும். நான் எப்பவும் முன்னாலைதான்" என்று மகளிடம் பெருமையாகச் சொன்னார். எல்லோரும் தன்னை முந்திப் போனபிறகும் எப்படி முன்னால் என்று அவள் கேட்கவில்லை. பிற்பகலில் ஹெல்மெட்டுக்குள் முகமே தெரியாத ஒரு பொடியன் இவருடைய ஸ்கீயின் மேலேயே ஏறி நின்றான். இவர் தன் பெர்ன் ஜெர்மனில் அந்த விதியைப் பொறுமையாக விளக்கத் தொடங்கினார். பொடியன் பாதி கேட்டுவிட்டு இவருடைய கால்களைச் சுட்டிக்காட்டி, "பிட்ஸா!" என்று அதட்டிவிட்டுப் போனான்.