முதலாண்டும் டேப்லெட்டும்: பிடிஎப்பை மூடிவிட்டு எழுதுங்கள்

கல்லூரி முதலாண்டுத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. எல்லாத் தாள்களிலும் தேறிவிட்டேன். பயமுறுத்திய கணிதத்தில்தான் அதிக மதிப்பெண். டேப்லெட்டை வைத்து எப்படிப் படித்தேன் என்பதை இந்த நிம்மதி அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் எல்லாம் தானாகவே நடந்தது என்று நானே நம்பத் தொடங்கிவிடுவேன்.

எந்த டேப்லெட் வாங்கலாம் என்று கேட்பவர்கள் கடைசிப் பத்திக்குப் போகலாம். மதிப்பெண்ணைத் தீர்மானித்தது அதுவல்ல.

எங்கள் விரிவுரையாளர்களில் பலர் டேப்லெட்டில் எழுதி, அதையே பெரிய திரையில் காட்டிப் பாடம் நடத்தினார்கள். வகுப்பு முடிந்ததும் அந்தப் பக்கங்கள் பிடிஎப்பாக வந்துவிடும். முன்கூட்டியே தயாரித்த ஸ்லைடுகளைவிட இது எவ்வளவோ மேல். ஒரு சமன்பாட்டை வருவிக்கும்போது ஆசிரியர் எங்கே நின்று யோசிக்கிறார், எந்த வழியில் போய்த் திரும்பி வருகிறார் என்பதெல்லாம் கண்முன் நடக்கும். ஆனால் நமக்கு வரும் பிடிஎப்பில் அந்தத் தடுமாற்றங்கள் இருப்பதில்லை; அழித்த வரி அழிந்தே போயிருக்கும். தேர்வுக்கு வேண்டியதோ அந்த வரிதான். ஒரு தொகையிடல் கணக்கில் பிரதியிடல் ஏன் பலிக்கவில்லை, இன்னொரு வழியான பகுதித் தொகையிடலுக்கு ஏன் மாற வேண்டியிருந்தது என்பது அதில்தான் இருக்கிறது. ஆகவே வகுப்பில் நான் எழுதியது மிகக் குறைவு: அவர் அழித்தவை, வாயால் மட்டும் சொன்னவை. மீதிதான் பிடிஎப்பில் வந்துவிடுகிறதே!

இனி முக்கியமானது. என் முதலாண்டைக் காப்பாற்றியது இது ஒன்றுதான் என்று அடித்துச் சொல்வேன். அன்று மாலையே, பிடிஎப்பைத் திறக்காமல், ஒரு வெற்றுப் பக்கத்தில் அன்றைய பாடத்தை நினைவிலிருந்து எழுதுங்கள். வரவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டு அடுத்ததற்குப் போங்கள். முடித்த பிறகு திரையை இரண்டாகப் பிரித்து, பக்கத்தில் பிடிஎப்பை வைத்து, விடுபட்டதை வேறு நிறத்தில் நிரப்புங்கள். வார இறுதியில் அந்த வேறு நிறப் பகுதிகளை மட்டும் மறுபடி வெற்றுப் பக்கத்தில் எழுதுங்கள். சில வாரங்களில் உங்கள் ஓட்டைகள் எல்லாம் தேதிவாரியாக ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். காகிதத்திலும் இதைச் செய்யலாம். ஆனால் நான் செய்திருக்க மாட்டேன், அவ்வளவு சோம்பேறி.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. ரோடிகர், கார்பிக்கே என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்ததில், பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு பிடிஎப்பைப் புரட்டும்போது எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

ஸ்டைலஸை, அதாவது டேப்லெட் பேனாவை, பிடித்து எழுதினாலே மனத்தில் பதிந்துவிடும் என்பவர்கள் 2014-இல் வந்த மியூலர், ஓப்பன்ஹைமர் ஆய்வைக் காட்டுவார்கள். அது காகிதத்தையும் மடிக்கணினியையும் ஒப்பிட்டு, கையால் குறிப்பெடுத்தவர்களே தேர்வில் முந்தினார்கள் என்று சொன்ன ஆய்வு. அதை வேறு குழுவினர் மறுபடி நடத்தி 2021-இல் வெளியிட்டபோது, தட்டச்சு செய்தவர்கள் சொல்லுக்குச் சொல் பதிவு செய்யும் போக்கு அப்படியே தெரிந்தது. கையால் எழுதியவர்கள் தேர்வில் முந்தியது மட்டும் மீண்டும் வரவில்லை. விரிவுரையை அழகான கையெழுத்தில் படியெடுப்பதும் படியெடுப்பதுதான்.

மற்றவை, வரிசை எதுவும் இல்லாமல்:

- அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் திரையில் வேறு ஏதாவது ஓடினால் இடம் மாறுங்கள். வகுப்பில் மடிக்கணினியில் வேறு வேலை பார்த்தவர்கள் மட்டுமல்ல, அந்தத் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்தவர்களும் குறைவாகவே மதிப்பெண் பெற்றார்கள் என்று 2013-இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது.
- ஒலிப்பதிவு வேண்டாம். ஒரு மணி நேர விரிவுரையைத் திரும்பக் கேட்க ஒரு மணி நேரம் ஆகும். யாரும் கேட்பதில்லை.
- நிறங்கள் இரண்டு போதும்.
- கரிம வேதியியல் கட்டமைப்புகளை நகலெடுத்து ஒட்டாதீர்கள். பென்சீன் வளையத்தை நூறு முறையானாலும் கையால் வரையுங்கள்.
- நிரலாக்கத்துக்கு டேப்லெட் பெரிதாக உதவாது. விசைப்பலகையுள்ள கணினி வேண்டும். மாறிகளின் மதிப்பு ஒவ்வொரு சுற்றிலும் எப்படி மாறுகிறது என்று அட்டவணை போட மட்டும் டேப்லெட் நல்லது.
- கூட்டுக் குறிப்பேடு சிலருக்குப் பலித்தது. எனக்குப் பிறர் குறிப்பைப் பார்த்தாலே தூக்கம் வரும்.
- குறிப்புகளை அவ்வப்போது பிடிஎப்பாக மாற்றி வேறிடத்தில் வையுங்கள். செயலியின் சொந்த வடிவத்தில் மட்டும் இருந்தால் நாளை செயலி மாறும்போது தவிப்பீர்கள்.

தேர்வு காகிதத்தில்தான் என்றால், கடைசி வாரங்களில் டேப்லெட்டை ஒதுக்கிவிட்டுப் பேனா, தாள், கடிகாரம் என்று மாறுங்கள். திரையில் பெரிதாக்கி எழுதிப் பழகிய கைக்குத் தாளில் எழுத்தின் அளவே பிடிபடாது. ஒரு தட்டலில் முந்தைய வரியை நீக்கும் வசதியும் அங்கே கிடையாது; நான்காவது வரியில் கூட்டல், கழித்தல் குறி தவறாகிவிட்டால் அடித்துவிட்டுத் தொடர வேண்டியதுதான். அப்படித் தொடர்வதற்கும் பயிற்சி வேண்டும்.

என் குறிப்புகளைக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அனுப்ப மாட்டேன். கஞ்சத்தனம் அல்ல, அவற்றில் இருப்பது எனக்கு வராதவை மட்டும், உங்களுக்கு வராதவை வேறாக இருக்கும்.

வாங்குவது பற்றி: உள்ளங்கை திரையில் பட்டாலும் கோடு விழாத கருவியாக இருக்க வேண்டும். ரப்பர் முனை ஸ்டைலஸ் கணிதத்துக்கு ஆகாது. ஏ4 தாளின் மூலைவிட்டம் ஏறத்தாழ 14.3 அங்குலம், 11 அங்குலத் திரையில் முழுப் பக்கம் சுருங்கித்தான் தெரியும், இரண்டாகப் பிரித்தால் இன்னும் சுருங்கும். அதற்காகப் பெரிய திரைக்குக் கடன் வாங்க வேண்டாம். பழைய கருவியே போதும். ஆனால் ஸ்டைலஸ் அந்த மாடலுக்குப் பொருந்துமா என்று முதலிலேயே பாருங்கள். ஒரே நிறுவனத்தின் ஸ்டைலஸ்கூட அதன் எல்லா மாடல்களிலும் வேலை செய்வதில்லை.