டிரில் பிட் உள்ளே விழுந்த சுவர்: எங்கள் எக்ஸ்ரே அறை அனுபவம்

நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க நோயாளி சாய்ந்து நிற்கும் செஸ்ட் ஸ்டாண்டை மாட்டச் சுவரில் டிரில் போட்டபோதுதான் விஷயமே வெளியில் வந்தது. ஒன்றரை இஞ்ச் போனதும் பிட் படக்கென்று உள்ளே விழுந்தது. மெஷின் மாட்ட வந்த தம்பி என் முகத்தைப் பார்த்தார். செங்கல் என்று நான் நம்பிக்கொண்டிருந்த சுவர் முழுக்க ஹாலோ பிளாக். பூச்சு முடிந்து, பட்டி பார்த்து, பெயிண்டும் அடித்தாயிற்று.

செங்கோட்டையில் நானும் என் நாத்தனாரும் சேர்ந்து ஆரம்பித்த சின்ன எக்ஸ்ரே சென்டர் இது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஈலோரா இணையதளத்தில் நிறுவனப் பதிவு, மெஷின் வாங்க அனுமதி எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. சிக்கல் முழுக்கச் சுவரிலும் கதவிலும்தான்.

காண்ட்ராக்டர் அண்ணாச்சியிடம் கேட்டால், "ஏம்மா, நீ 9 இஞ்ச் சுவர் கேட்ட, 9 இஞ்ச் போட்டிருக்கேம்லா?" என்கிறார். 8 இஞ்ச் கல், இரண்டு பக்கப் பூச்சு, மொத்தம் 9. டேப் வைத்தால் சரிதான். ஆனால் நடுவில் இருப்பது காற்று. இரண்டு பக்கத்துச் சிமெண்ட் கனத்தையும் சேர்த்தால் மூன்று இஞ்ச் தேறுமா என்பதே சந்தேகம். எக்ஸ்ரே அறைக்கு 9 இஞ்ச் என்று சொல்வது இடைவெளியில்லாத செங்கல் சுவரை. கதிரைத் தடுப்பதில் 23 செ.மீ. செங்கல் ஏறக்குறைய 1.7 மி.மீ. ஈயத்துக்குச் சமம் என்ற கணக்கில் வந்தது அது. அதிலும் செஸ்ட் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சுவரில் நேர்க்கதிரே வந்து விழும். எங்கள் கட்டடத்தில் அந்தச் சுவருக்கு மறுபுறம் நோயாளிகள் உட்காரும் பெஞ்சு, அதையொட்டி பில் போடும் பெண்ணின் மேசை.

"ஓட்டை போட்டுக் கலவையை ஊத்திருவோம்" என்றார் அண்ணாச்சி. எந்தப் பொந்து நிறைந்தது, எது நிறையவில்லை என்று யார் பார்ப்பது? நான் சம்மதிக்கவில்லை. "விடுக்கா, யாரு சுவரை உடைச்சுப் பாக்கப் போறா" என்று பக்கத்திலிருந்த ஒருவர் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் எனக்கும் நோயாளிக்கும் நடுவில் இருந்தது வெறும் பிளைவுட் தட்டி. மூத்தவளை வயிற்றில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் அதற்குப் பின்னால் நின்றிருக்கிறேன். கர்ப்பம் என்று தெரிவித்துவிட்டால் அதன்பிறகு வயிற்றுப் பிள்ளை மேல் படும் கதிர் 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அங்கே அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்று என்னிடம் வேலைக்குச் சேர்ந்திருப்பவளுக்கு 23 வயது.

உள்பக்கம் இன்னொரு சுவர் எழுப்பினால் அறை குறைந்தபட்சம் வேண்டிய 18 சதுர மீட்டருக்குக் கீழே போய்விடும். அதனால் வெளிப்பக்கம், காத்திருக்கும் ஹாலில், 9 இஞ்ச் செங்கல் சுவரைத் தரையிலிருந்து கட்டினோம். கொத்தனார் ஒவ்வொரு வரிக்கும் இணைப்பில் கலவை நிறைகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஹால் குறுகிவிட்டது, இருபது நாள் போனது.

அடுத்தது கதவு. புளியரை தாண்டி, ஆரியங்காவு மலை ஏறி, கேரளா பக்கம் ஒரு கடையில் 2 மி.மீ. ஈயத்தகடு வாங்கினேன். நாலுக்கு ஏழு அடிக் கதவு. வீட்டுக்கு வந்து ஆசாரி தூக்கியபோதே, "லேசா இருக்கேக்கா" என்றார். எடை போட்டால் 28 கிலோ. ஈயம் 1 மி.மீ. கனத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 11 கிலோவுக்குச் சற்று மேல் வரும். எங்கள் கதவுக்கு 59 கிலோ வந்திருக்க வேண்டும். பில்லில் 2, தகட்டில் 1! மறுநாள் திரும்பவும் மலையேறி மாற்றிக்கொண்டு வந்தேன். ஈயம் வாங்குகிறவர்கள் கடையிலேயே எடை போட்டுப் பாருங்கள்.

59 கிலோவைச் சாதாரணக் கீல் தாங்காது. முதல் வாரமே கதவு தொங்கித் தரையில் உரசியது. கனமான கீல் நாலு போட்ட பிறகுதான் நின்றது. ஆணியில் மட்டும் தொங்கவிட்டால் ஈயம் தன் பாரத்திலேயே நாளடைவில் கீழே சரியும். இரண்டு பிளைவுட்டுக்கு நடுவில் பசை போட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

கதிர் கசிகிறதா என்று சர்வே எடுக்க வந்தவர் மீட்டரோடு சுற்றி வந்தார். புதுச் சுவருக்குப் பின்னால் ஒன்றுமில்லை. கதவு இடுக்கில் முள் ஏறியது. கதவுக்கு ஈயம் போட்ட நாங்கள் நிலைச்சட்டத்தை மறந்திருந்தோம். சட்டத்தில் ஈயப்பட்டை அடித்து, கதவு அதன்மேல் ஏறி மூடும்படி செய்து, மறுபடி அவரை வரவழைத்தேன். வாரத்துக்கு எத்தனை படம் எடுப்பீர்கள் என்று கேட்பார்கள், குறைத்துச் சொல்லாதீர்கள். அதை வைத்துத்தான் வாரக் கணக்கு வரும்: வெளியில் உட்கார்ந்திருப்பவருக்கு அதிகபட்சம் 2 மில்லிராண்ட்ஜன் (கதிரை அளக்கும் இன்னொரு அலகு), மெஷினை இயக்கும் நமக்கு 40. எங்களுக்கு இரண்டுமே வெகு கீழே வந்தன. அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தேன்.

எங்கள் மேல் படும் கதிரை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் வந்ததும் இன்னொரு தப்பு நடக்கப் பார்த்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கதிர் படாத இடத்தில் வைக்க வேண்டிய கண்ட்ரோல் பேட்ஜை அந்த 23 வயதுப் பெண் எக்ஸ்ரே அறைக்குள் இருந்த டிராயரில் போட்டு வைத்திருந்தாள். அது அங்கே கதிர் வாங்கினால், எங்கள் பேட்ஜ் கணக்கிலிருந்து அந்த அளவு கழிந்து, வாங்கியது வாங்காத மாதிரி ஆகிவிடும். இப்போது அது மாடியில், நாத்தனார் வீட்டு பீரோவில் இருக்கிறது.