செப்டம்பர் 20இல் பிறந்த பிள்ளையும் என்.எச்.எல். ட்ராஃப்ட்டும்

மகன் பிறந்தது 2006 செப்டம்பர் 20. டொக்டர் சொன்ன நாளைவிட ஒரு கிழமை பிந்தித்தான் பிறந்தான். அந்த ஒரு கிழமையைப் பற்றி பதினெட்டு வருடம் கழித்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இவ்வளவு கதைப்போம் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும். மகன் ஐஸ் ஹொக்கி ஆடுகிறான். வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.இன் அணிகள் வருடந்தோறும் இளம் வீரர்களை முறைவைத்துத் தெரிவுசெய்வதுதான் ட்ராஃப்ட். அதன் விதி இதுதான்: அந்த ஆண்டு செப்டம்பர் 15க்குள் 18 வயது நிறைகிற பிள்ளைகள் அந்த ஆண்டுத் தெரிவுக்குள் வருவார்கள், அடுத்த நாள் பிறந்தவன் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். விண்ணப்பம் போடத் தேவையில்லை, வயது வந்தால் சரி. அவனோடு சின்ன வயதிலிருந்து விளையாடிய 2006 பெடியன்களில் முக்கால்வாசிப் பேருக்கு 2024 ஜூன், இவனுக்கு 2025 ஜூன்.

"ஒரு வருடம் கூடக் கிடைத்திருக்கு, நல்லதுதானே" என்று எல்லோரும் சொன்னார்கள். நல்லதுதான், உடம்பு வளர நேரம் கிடைக்கும். ஆனால் ஒரு சிக்கலை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் ஏப்ரல் மாதம் நடக்கும், ஸ்கவுட்கள் (அணிகளுக்காக வீரர்களைப் பார்த்துத் தேடுகிறவர்கள்) கூட்டமாக வருவது அங்கேதான், அதற்குப் பிறந்த ஆண்டைத்தான் பார்ப்பார்கள். 2006 பிள்ளைகளுக்கு அது 2024ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. அதாவது இவனுடைய ட்ராஃப்ட் ஆண்டில் இவனுக்கு அந்த மேடையே கிடையாது. மிஞ்சுவது டிசம்பரில் நடக்கிற இருபது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம்தான், அந்த அணியில் பெரும்பாலும் பத்தொன்பது வயதுப் பெடியன்கள். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ பிறந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான் தெரிந்துகொண்டபோது பிந்திவிட்டது.

நாங்கள் இருப்பது சுவிஸில், பேர்ண் பக்கம். நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, கணவர் உணவக சமையலறையில். எங்கள் இரண்டு பேருக்கும் பனி என்றால் பஸ் பிந்தும் என்பதுதான் தெரியும். இரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலிருந்து ஐஸ்ஹாலேக்கு (ஐஸ் மைதானத்தை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்) கூட்டிக்கொண்டு போனார்கள், அவன் திரும்பி வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் "நான் இதுக்குப் போகப் போறன்" என்றான். முதல் இரண்டு வருடம் கிளப்பே பழைய கவசம், ஹெல்மெட் எல்லாம் வாடகைக்குத் தந்தது. பிறகுதான் செலவு ஏறியது. கால் வளர்கிற வயதில் ஒவ்வொரு குளிர்காலமும் புது ஸ்கேட், பதினாறு வயதுக்குப் பிறகு ஒரு ஸ்டிக் 300 பிராங்குக்குக் குறையாது, அது ஒரே ஷாட்டில் உடையும். வியர்வையில் ஊறிய கையுறைகளை ஹீட்டரில் வைத்தால் தோல் வெடித்துவிடும் என்று பழுதாக்கிப் பழுதாக்கித்தான் கற்றேன். குளியலறையில் கொடி கட்டி, சின்ன மின்விசிறியைப் போட்டு, விரல்கள் கீழே பார்க்கும்படி தொங்கவிட வேண்டும். பத்து வருடம் எங்கள் குளியலறை அப்படித்தான் இருந்தது.

அடுத்தது பாஸ்போர்ட். இங்கே பிறந்தாலும் சுவிஸ் குடியுரிமை தானாகக் கிடைக்காது, சி பெர்மிட் (நிரந்தர வதிவிட அனுமதி) இருக்க வேண்டும், ஊர் நிர்வாகத்தில் விண்ணப்பித்து விசாரணைக்குப் போக வேண்டும். கிளப்பில் விளையாட அது தடை இல்லை, தேசிய இளையோர் அணிக்கு அது இல்லாமல் முடியாது. அவனுக்குப் பன்னிரண்டு வயதில் கொடுத்த விண்ணப்பம் கிட்டத்தட்ட மூன்று வருடம் இழுத்தது. ஒரு முறை கோப்பில் ஒரு தாள் குறைகிறது என்று ஐந்து மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அந்தத் தாளை நாங்கள் முதல் நாளே கொடுத்திருந்தோம். மகள் நகலையும் பதிவுத் தபால் சீட்டையும் எடுத்துக்கொண்டு நேரே போய் நின்றாள். எல்லாக் கடிதத்துக்கும் நகல் வைத்திருந்தது அன்றைக்குத்தான் கைகொடுத்தது. பாஸ்போர்ட் வந்து சில மாதத்தில் இளையோர் தேசிய முகாமுக்கு அழைப்பு வந்தது, போனான், கடைசித் தெரிவில் எடுக்கவில்லை. ஆனாலும் அந்த முகாமில்தான் ஸ்கவுட்கள் அவன் பெயரை முதன்முதலில் எழுதிக்கொண்டார்கள்.

பதினாறு முடிந்து பதினேழு தொடங்கும்போதுதான் பெரிய முடிவு வருகிறது: இங்கேயே இருப்பதா, கனடாவுக்கா, சுவீடனுக்கா? மூன்று பாதைக்கும் சுவிஸில் உதாரணம் உண்டு. வாலிஸ் மாநிலத்தில் உள்ள நாட்டர்ஸ் ஊர்க்காரர் நிக்கோ ஹிஷியர், பேர்ணிலிருந்து கனடா இளையோர் லீக்கில் ஹாலிஃபாக்ஸுக்குப் போனார், ஒரே பருவம் ஆடினார், 2017இல் நியூ ஜெர்சி அவரை முதலாவதாக எடுத்தது. முதலிடத்தில் எடுக்கப்பட்ட முதல் சுவிஸ் வீரர் அவர்தான். டிமோ மையரும் அதே ஹாலிஃபாக்ஸிலிருந்துதான் 2015இல் 9ஆவதாகப் போனார், நீனோ நீடெர்ரைட்டர் போர்ட்லண்டிலிருந்து 2010இல் 5ஆவதாக. கெவின் ஃபியாலாவும் லியான் பிக்ஸலும் சுவீடன் வழி, 2014இல் 11ஆவது, 2022இல் 18ஆவது. ரோமான் ஜோசியோ பேர்ணிலேயே வளர்ந்து, பேர்ணிலேயே பெரியவர்களோடு ஆடி, 2008இல் இரண்டாம் சுற்றில் 38ஆவதாக எடுக்கப்பட்டவர். அவர்தான் 2020இல் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதான நோரிஸ் கோப்பையை வாங்கினார்.

கனடா இளையோர் கிளப்புகளுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளைத் தெரிவுசெய்ய கோடையில் தனியாக ஒரு இறக்குமதி ட்ராஃப்ட் நடக்கும், இடங்கள் மிகக் குறைவு. எங்களுக்கும் ஒரு கிளப்பிலிருந்து தொலைபேசி வந்தது. முன்பின் தெரியாத குடும்பம் ஒன்று வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும், பள்ளிக்கூடம் அங்கேயே, வாரத்தில் இரண்டு மூன்று ஆட்டம். அவனுக்குப் போக ஆசை. நான் இரண்டு இரவு தூங்கவில்லை. தூரத்துக்குப் பயந்து அல்ல (பயமும் இருந்தது, மறைக்கவில்லை), அவன் இங்கே விளையாட்டோடு சேர்த்துச் செய்கிற நான்கு வருட வர்த்தகத் தொழிற்பயிற்சி பாதியில் நின்றுவிடும் என்பதுதான் என் கவலை. பயிற்சியாளரிடம் கேட்டேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "அங்கே எத்தனை நிமிடம் பனியில் இருப்பான் என்று சொன்னார்களா?" அதை யாரும் சொல்லவில்லை. நாங்கள் மறுபடி எழுதிக் கேட்டோம், பதில் வழவழவென்று இருந்தது. போகவில்லை.

ஆனால் அதே கேள்வியை நாங்கள் இங்கே கேட்க மறந்துவிட்டோம். 2024 இலையுதிர் காலத்தில் அவனை முதல் அணியோடு பயிற்சிக்கு ஏற்றினார்கள். வீட்டில் பாயாசம் காய்ச்சினோம். சுவிஸின் முதல்தர லீக்கான தேசிய லீக்கில் பெரியவர்களோடு ஆடினால் ஸ்கவுட்கள் கட்டாயம் பார்ப்பார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் நடந்தது வேறு. 2022-23 பருவத்திலிருந்து ஒரு அணி ஒரு ஆட்டத்தில் நான்குக்குப் பதில் ஆறு வெளிநாட்டு வீரர்களை இறக்கலாம். அந்த இரண்டு இடங்கள் போனது யாரிடமிருந்து என்று நீங்களே யோசியுங்கள். என் மகன் பதின்மூன்றாவது முன்கள வீரராக உடுப்பு மாற்றி உட்கார்ந்திருந்தான். ஒரு ஆட்டத்தில் இரண்டு நிமிடம் சொச்சம், இன்னொன்றில் மூன்று, சிலதில் பனியைத் தொடவே இல்லை. அந்த வாரங்களில் இருபது வயதுக்குட்பட்டோர் அணியிலும் ஆடவில்லை, ஏனென்றால் இரண்டும் ஒரே நாளில் வரும். டிசம்பர் வரைக்கும் பத்து வாரம் இப்படிப் போனது. வீட்டுக்கு வருவான், பை காய்ந்தே இருக்கும். குளியலறைக் கொடியில் தொங்கவிட ஒன்றும் இல்லாத அந்த இரவுகள்தான் இந்தப் பத்து வருடத்தில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தவை.

ஜனவரியில் அவனே போய்க் கேட்டான், தன்னை இளையோர் அணிக்குத் திருப்பி அனுப்பும்படி. இறங்கிப் போவதாக மற்றவர்கள் நினைப்பார்களே என்று கணவருக்குத்தான் மனவருத்தம். அங்கே இருபது நிமிடம் ஆடினான், பவர் பிளேயில் (எதிரணியில் ஆள் தண்டனையில் வெளியே இருக்கிற நேரத்தில்) முதல் வரிசை. பெப்ரவரியில் ஒரு என்.எச்.எல். அணியின் ஐரோப்பிய ஸ்கவுட் வீடியோ அழைப்பில் வந்தார். நான் பின்னால் சமையலறையில் நின்று கேட்டேன். கோல் கணக்கைப் பற்றி அவர் அதிகம் கேட்கவில்லை. உன் அணியில் உன்னைவிடச் சிறந்தவன் யார், ஏன்? பெஞ்சில் உட்கார்ந்திருந்த வாரங்களில் காலையில் என்ன செய்தாய்? பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் தட்டு) இழந்த பிறகு முதல் மூன்று விநாடியில் நீ எங்கே போகிறாய்? கடைசியில் அவர் நேராகவே சொன்னார், இலையுதிர் காலத்தில் உன்னைப் பார்க்க இரண்டு தரம் வந்தேன், பார்க்க ஒன்றும் கிடைக்கவில்லை.

இடையில் ஆலோசகர் விஷயம். பதினாறிலேயே ஏஜென்ட்கள் வருவார்கள், தங்களை ஆலோசகர் என்று சொல்வார்கள். ஒருவர் எங்கள் வீட்டில் தேநீர் குடித்துவிட்டு இரண்டாம் சுற்று நிச்சயம் என்றார், கையெழுத்துக்குத் தாளும் நீட்டினார். மகள் அதை எழுத்தெழுத்தாகப் படித்து, எப்போது எப்படி விலகலாம் என்று எழுதியே இல்லை என்று காட்டினாள். கையெழுத்திடவில்லை. ஜனவரியில் வந்த என்.எச்.எல்.இன் மத்தியத் தரப்பட்டியலில் (ஐரோப்பிய வீரர்களுக்குத் தனிப் பட்டியல், ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் இறுதியானது) அவன் பெயர் இல்லை என்றதும் அவர் அழைப்பும் நின்றுவிட்டது. ஏப்ரலிலும் பெயர் வரவில்லை. பஃபலோவில் நடக்கிற உடல் தகுதிச் சோதனைக்கு அழைப்பும் இல்லை. பட்டியலில் இல்லாதவர்களையும் அணிகள் எடுப்பதுண்டு, அதனால் முழுதாக நம்பிக்கையை விடவில்லை.

2025 ட்ராஃப்ட் லாஸ் ஏஞ்சலிஸில். முதல் சுற்று இங்கே விடியப்புறம், அது எங்களுக்கான சுற்று அல்ல என்று தெரிந்தும் அவன் விழித்திருந்து பார்த்தான். இரண்டாம் சுற்றிலிருந்து ஏழாம் சுற்று வரை சனிக்கிழமை. மாலையிலிருந்து நால்வரும் சோபாவில். ஐந்தாம் சுற்றில் மகள் என் கையைப் பிடித்தாள், ஏழாம் சுற்றில் கணவர் எழுந்து பல்கனிக்குப் போய்விட்டார். 32 அணி, ஏழு சுற்று, பெயர் வரவில்லை. அவன் டிவியை நிறுத்திவிட்டு "பசிக்குது அம்மா" என்றான். புட்டும் மீன் குழம்பும் சூடாக்கினேன். சாப்பிடும்போது அழுதான், நானும் அழுதேன், யாரும் யாரையும் தேற்றவில்லை.

அடுத்த சில நாள் நான் பழைய கணக்குகளைத் தேடிப் பார்த்தேன், அவனுக்காக என்று சொன்னாலும் எனக்காகத்தான். மார்க் ஸ்ட்ரைட்டை 2004இல் மொன்றியல் எடுத்தது ஒன்பதாம் சுற்றில், 262ஆவதாக, அப்போது அவருக்கு வயது 26. அந்த ஒன்பதாம் சுற்றே இப்போது கிடையாது, அடுத்த ஆண்டிலிருந்து ஏழாகக் குறைத்துவிட்டார்கள். பின்னாளில் என்.எச்.எல். அணி ஒன்றுக்குத் தலைவரான முதல் சுவிஸ்காரர் அவர். பீல் கிளப்பில் ஆடிய யானிஸ் மோசரை பதினெட்டில் யாரும் எடுக்கவில்லை, 2021இல் இருபத்தொரு வயதில் 60ஆவதாக எடுத்தார்கள். ஜோனாஸ் ஹில்லரும் பியுஸ் சூட்டரும் ட்ராஃப்ட்டே ஆகாமல் நேரடி ஒப்பந்தத்தில் போனவர்கள். மறுபக்கம், 1998இல் 14ஆவதாக எடுக்கப்பட்ட மிஷேல் ரீசன் என்.எச்.எல்.இல் ஆடியது மொத்தம் 12 ஆட்டம். இதெல்லாம் அவனுக்கு ஏற்கெனவே தெரியும், நான் வாசித்துக் காட்டியபோது பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

இந்தப் பருவம் அவன் இரண்டாம் நிலை லீக்கில் ஒரு அணிக்கு இரவல் போயிருக்கிறான். இந்தத் தடவை கையெழுத்துக்கு முன்னால் பயிற்சியாளரிடம் அந்தக் கேள்வியை அவனே கேட்டான், எந்த வரிசை, எத்தனை நிமிடம் என்று. அடுத்த ஜூனிலும் அவன் ட்ராஃப்ட் வயதுக்குள்தான் இருக்கிறான், தொழிற்பயிற்சியும் தொடர்கிறது. ஆட்டம் முடிந்து ரயிலிலிருந்து கூப்பிடுவான், முந்தி நான் கோல் எத்தனை என்று கேட்பேன், இப்போது நிமிடத்தைத்தான் கேட்கிறேன். போன சனிக்கிழமை 17 நிமிடம் 40 விநாடி. கையுறை இன்னும் கொடியில் காய்கிறது.