ஒரு சாண் குழாய்

"வைகையிலேயே தண்ணியக் காணோம். நீங்க என்னடான்னா தண்ணியக் குழாய்க்குள்ள ராத்திரி பகலா சுத்த விடணும்னு இத்தனை லட்சம் கேக்குறீங்க."

முதலாளி இப்படிச் சொல்லிவிட்டு ஃபைலை மூடி வைத்தார். கோபமில்லை, நிஜமாகவே புரியவில்லை. திருமங்கலம் பக்கம் மாத்திரை தயாரிக்கும் சின்ன கம்பெனி அது. நான் புராஜெக்ட் இன்ஜினியர். அதே வாரம் புது கம்ப்ரெஷன் மெஷினுக்கு ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டவர் அவர். மெஷின் கண்ணுக்குத் தெரியும், நிமிஷத்துக்கு எத்தனை மாத்திரை என்று வருகிறவர்களிடம் காட்டலாம். தண்ணீர் பிளான்ட் பின்கட்டு அறையில் கிடக்கும், யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். மூலதனச் செலவில் வெட்டு விழுவது எப்போதும் இப்படிப்பட்ட இடத்தில்தான்.

2023 டிசம்பர் கடைசியில், மருந்துத் தயாரிப்புக்கான விதிகளைச் சொல்லும் ஷெட்யூல் எம்மைத் திருத்திய அறிவிப்பு வந்தது. அது இல்லையென்றால் அந்த ஃபைல் இன்னும் மூடியே இருந்திருக்கும். சட்டம் என்றதும் கையெழுத்து விழுந்தது. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். "ஆடி பொறக்குறதுக்குள்ள முதல் பேட்ச் எடுத்துரணும்."

தை முகூர்த்தத்தில் பூஜை போட்டு ஆரம்பித்தோம். எங்கள் போர் தண்ணீர், துணி துவைத்தால் சோப்பு நுரைக்காத தண்ணீர். அதை மென்மையாக்கி, ஆர்.ஓ.வில் விட்டு, அதற்கப்புறம் மின்முறையில் மிச்ச உப்பையும் எடுக்க வேண்டும். கடைசியில் மின்கடத்தும் திறன் 25 டிகிரியில் சென்டிமீட்டருக்கு 1.3 மைக்ரோசீமென்ஸைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் வாங்கி வைக்கும் எந்திரம், வாங்கினால் வேலை செய்யும். என் தலைவலி அதற்குப் பிறகு வரும் குழாய்தான். சுத்தமான தண்ணீர் நின்றால் கெட்டுப்போகும். அதனால் தொட்டியிலிருந்து கிளம்பி, தேவைப்படும் அறைகளையெல்லாம் சுற்றி, மறுபடி தொட்டிக்கே வரும் வளையமாகக் குழாய் போட்டு, பம்பை நிறுத்தாமல் ஓட்டுகிறோம்.

எந்த வேலை எப்போது என்று நான் போட்ட பார் சார்ட்டில் ஒரு கோளாறு இருந்தது. வெளியூர் சப்ளையர் கொடுத்த சார்ட்டை அப்படியே எடுத்துக்கொண்டேன். அதில் சித்திரைத் திருவிழாவுக்கு இடமே இல்லை. மதுரைக்காரனான எனக்காவது உறைத்திருக்க வேண்டும். அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம் சைட்டில் நானும் வாட்ச்மேனும்தான்.

வெல்டர் உசிலம்பட்டிக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். 316எல் எனும் துருப்பிடிக்காத எஃகுக் குழாயை இரண்டு பக்கமும் அடைத்து, உள்ளே ஆர்கான் வாயுவை விட்டு, காற்று முழுக்க வெளியேறும்வரை காத்திருந்துதான் பற்றவைப்பார். நான் அவசரப்படுத்தினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பற்றவைத்ததும் டார்ச் அடித்து உள்ளே காட்டுவார். வெள்ளி நிறம், இல்லை வைக்கோல் நிறம் இருந்தால் சரி. நீலம் தட்டியிருந்தால் அவரே வெட்டிப் போட்டுவிடுவார், நான் சொல்லவே வேண்டாம். குழாயில் வாட்டம் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். லெவல் வைத்துப் பார்த்து, கொசுறாக ஒரு நூல் கூடுதலாகவே கொடுப்பார்.

சிக்கல் அவரால் வரவில்லை, என்னால்தான் வந்தது.

திருவிழா முடிந்து ஆட்கள் திரும்பிய மறுநாள், டிராலி திரும்ப இடம் பத்தாது, கழுவும் அறைச் சுவரை ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கள் என்று உற்பத்திப் பிரிவில் கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. ஆனால் வளையக் குழாய் அதற்குள் போட்டாகிவிட்டது. சுவர் தள்ளிப் போனதால் வால்வு எட்டவில்லை.

"அண்ணே, கிளைக் குழாயை அந்த அளவுக்கு நீட்டி விட்டுருங்க."

"லூப்பை வளைச்சுக் கொண்டு போயிறலாமே சார்? ரெண்டு நாள் வேலை."

"ரெண்டு நாள் இல்லண்ணே."

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் நீட்டிவிட்டார்.

உள்ளே தண்ணீர் தேங்காமலிருக்க, கிளைக் குழாயின் நீளம் அதன் விட்டத்தைப் போல மூன்று மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். 25 மில்லிமீட்டர் குழாய்க்கு 75. நான் விட்டது அதைப்போல மூன்று பங்கு. தெரியாமல் செய்யவில்லை. சின்ன விஷயம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மாற்றத்தைப் பதிகிற சேஞ்ச் கன்ட்ரோல் படிவமும் போடவில்லை. போட்டிருந்தால் தரப் பிரிவில் யாராவது ஒருவர் நீளத்தைக் கேட்டிருப்பார். அந்தப் படிவத்தைக் குமாஸ்தா வேலை என்று நான் கேலி செய்ததுண்டு.

வைகாசி நடுவில் முதல் கட்டச் சோதனை தொடங்கியது. இரண்டு வாரம் தினமும் எல்லா வால்விலும் மாதிரி எடுக்க வேண்டும், அந்தத் தண்ணீரில் மருந்து தயாரிக்கக் கூடாது. கிருமி எண்ணிக்கை ஐந்து நாள் கழித்துத்தான் தெரியும். மில்லிக்கு 100 கிருமிக் காலனியைத் தாண்டினால் தவறியதாகக் கணக்கு. ஆறாம் நாள் லேபிலிருந்து போன். ஏழாம் பாயிண்டில், அதாவது கழுவும் அறை வால்வில், 140. மறுநாள் 190. மற்ற எல்லாமே ஒற்றை இலக்கம். 80 டிகிரி வெந்நீரை வளையம் முழுக்க ஓடவிட்டுச் சுத்தம் செய்தோம். மூன்று நாள் நன்றாக இருந்தது, நான்காம் நாள் மறுபடி ஏறிவிட்டது. ஓடுகிற வெந்நீர் அந்த முட்டுச்சந்துக்குள் போகவே இல்லை. வெளியில் கையை வைத்துப் பார்த்தேன். வளையக் குழாயில் வைத்த கையைச் சட்டென்று எடுக்க வேண்டியிருந்தது. கிளையின் முனை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

வெல்டருக்குப் போன் போட்டேன். வந்தார், ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் துண்டை வெட்டி எடுத்து, விரலை உள்ளே விட்டுத் தேய்த்து, என் கையைப் பிடித்து என் விரலையும் உள்ளே விட்டார். பாசி பிடித்த படித்துறைக் கல் மாதிரி வழுக்கியது. "அன்னைக்கே ரெண்டு நாள் குடுத்துருக்கலாம் சார்" என்றார். அவ்வளவுதான்.

லூப்பை வளைத்து, பற்றவைத்து, அமிலம் விட்டுக் கழுவி, முதல் நாளிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். அவசரத்துக்கென்று ஒதுக்கி வைத்த பத்து சதவீதத்திலிருந்து பணம் கேட்டு முதலாளியிடம் போனேன். காரணம் என்ற கட்டத்தில், 'சுவரை நகர்த்தியபோது நான் எடுத்த தவறான முடிவு' என்று எழுதியிருந்தேன். படித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தண்ணீரில் போய் இத்தனை இருக்கா என்று மட்டும் கேட்டார்.

இரண்டு கட்டமும் சுத்தமாக முடிந்தபோது ஆடி பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. நாளைக்கே முதல் பேட்ச் எடுக்கலாம் என்று ரிப்போர்ட்டை நீட்டினேன்.

"ஆவணி பொறக்கட்டும்" என்றார்.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. அந்த ஆடி முழுக்கப் புது மெஷின் பாலிதீன் உறைக்குள் நின்றது, பின்கட்டில் பம்ப் மட்டும் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். ஆளில்லாத தொழிற்சாலையில் அந்தச் சத்தம் கேட்டுப் பின்கட்டுப் பக்கம் நடந்தார். கதவைத் திறந்து, குழாயில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"இதை நிப்பாட்டுனா என்னாகும்?"

"முதல்ல இருந்து ஆரம்பிக்கணும் சார்."

கையை எடுத்துவிட்டு, கரண்ட் பில் எவ்வளவு வரும் என்று கேட்டார்.