ஐந்து விரலும் 600 மீட்டரும்: கோபன்ஹேகன் திட்டம் எண்பது வருடம் தாக்குப்பிடித்த கதை

பெரும்பாலான நகரத் திட்டங்கள் அச்சாகிற அன்றைக்கே அலமாரிக்குப் போய்விடும். 1947ல் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனுக்குப் போட்ட 'விரல் திட்டம்' அப்படிப் போகவில்லை. கட்டடக் கலைஞர் ஸ்டீன் ஐலர் ராஸ்முஸென் தலைமையில் பீட்டர் ப்ரெட்ஸ்டார்ஃப் நடத்திய ஒரு சிறிய வட்டாரத் திட்ட அலுவலகம் வரைந்தது அது. அதன் பேரன், சட்ட அந்தஸ்தோடு, இன்றும் 34 நகராட்சிகளைக் கட்டுப்படுத்துகிறது.

கையை மேசைமேல் விரித்து வையுங்கள். உள்ளங்கைதான் பழைய நகரம். விரல்கள் கோகே, ரோஸ்கில்டே, ஃப்ரெடெரிக்சுண்ட், ஹில்லரோட், ஹெல்சிங்கோர் என்ற ஐந்து ஊர்களை நோக்கி நீள்கின்றன. ஒவ்வொரு விரலின் நடுவிலும் ரயில் பாதை, அதை ஒட்டிக் குடியிருப்பு. விரல்களுக்கு இடையில் வயலும் காடும் ஏரியும் அப்படியே நகரத்துக்குள் நுழைந்து வர வேண்டும். மொத்தத் திட்டமும் இவ்வளவுதான். ஒரு அமைச்சருக்கு ஒரே நிமிடத்தில் விளக்கிவிடலாம். இது சின்ன விஷயமில்லை. நானூறு பக்க அறிக்கையை எந்த நகராட்சி உறுப்பினரும் படிப்பதில்லை. தன் மனை விரலில் இருக்கிறதா, பச்சையில் இருக்கிறதா என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

வரைந்தவர்கள் வெற்றுத்தாளில் தொடங்கவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரோஸ்கில்டே ரயில் 1847லேயே வந்துவிட்டது. ஹெல்சிங்கோர் கடலோரப் பாதை 1897. மின்சாரப் புறநகர் ரயில் 1934ல் ஓடத் தொடங்கிவிட்டது. வீடுகளும் ரயிலை ஒட்டியே முளைத்துக்கொண்டிருந்தன. பச்சைப் பகுதிகளையும் நடைபாதைகளையும் காக்கச் சொல்லி 1936ல் ஓர் அறிக்கை வந்திருந்தது. 1947ன் வேலை, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒன்றுக்கு எல்லை போட்டதுதான். ஓடுகிற ஆற்றைத் திருப்புவதைவிடக் கரை கட்டுவது எளிது.

அந்தத் திட்டத்துக்கு அப்போது சட்டப் பலம் கிடையாது. பலம் தவணை தவணையாக வந்தது. 1949ல் ஒரு நகர ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. நாடு முழுவதையும் நகர மண்டலம், ஊரக மண்டலம் என்று பிரித்த சட்டம் 1970ல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின், ஊரக மண்டலத்தில் நிலம் வாங்கிப் போட்டவர் தன் இஷ்டத்துக்கு வீட்டுமனை பிரிக்க முடியாது. பச்சைப் பகுதிகளைக் காப்பாற்றியது 'பசுமை' என்ற சொல்லைவிட இந்தச் சட்டம்தான் என்பேன். அல்பெர்ட்ஸ்லுண்ட் அருகே 1967 முதல் விவசாய நிலத்தில் மரம் நட்டு, ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் 'மேற்குக் காடு' ஒன்றையே உருவாக்கினார்கள். வெறுமனே காலியாக விட்ட நிலத்தில் என்றைக்காவது ஒருநாள் யாராவது கட்டடம் கேட்பார்கள். காடாகிவிட்ட நிலத்தைக் கேட்க வாய் கூசும்.

கோகே விரல் மட்டும் வேறு கதை. அங்கே அப்போது நேரடி ரயில் பாதையே இருக்கவில்லை. 1960, 70களில் திட்டமிட்டே புதிதாகக் கட்டிய விரல் அது. தடத்துக்கான நிலத்தை முதலில் ஒதுக்கிவைத்து, ஊர்கள் எழ எழ ரயிலை நீட்டினார்கள்: 1972ல் வல்லென்ஸ்பெக், 1976ல் ஹுண்டிகே, 1979ல் சோல்ரோட், 1983ல் கோகே. கடலோரத்தில் மணல் கொட்டி சுமார் 7 கிலோமீட்டர் செயற்கைக் கடற்கரையும் அமைத்து 1980ல் திறந்தார்கள். புறநகரம் கட்ட நினைப்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். கடைசி வீடு கட்டி முடித்தபின் ரயில் கேட்டால் நிலம் இருக்காது. இருந்தாலும் விலை கட்டுப்படியாகாது.

ஆனால் வீடு வந்த வேகத்தில் வேலை வரவில்லை. அதோடு 1960களில் கார் வந்தது. விரல்களைக் குறுக்கே வெட்டும் வட்டச் சாலைகள் வந்தன. வட்டச் சாலையும் விரலும் சந்திக்கிற இடத்தில் நிலம் மலிவு, வண்டி நிறுத்த இடம் தாராளம். நிறுவனங்கள் அங்கே போய் உட்கார்ந்தன. ரயிலோ உள்ளங்கையை நோக்கி மட்டும் போகும். ஒரு விரலில் குடியிருந்து பக்கத்து விரலில் வேலை பார்ப்பவர் நகர மையம்வரை போய்த் திரும்ப வேண்டும். அவர் கார் வாங்கிவிடுவார். விரல் திட்டத்தின் பிறவிக் குறை இதுதான். லிங்பியிலிருந்து இஸ்ஹோய் வரை விரல்களைக் குறுக்கே தைக்கிற 28 கிலோமீட்டர், 29 நிறுத்த டிராம் ரயிலை இவ்வளவு காலம் கழித்துக் கட்ட வேண்டிவந்ததும் அதனால்தான்.

இந்த ஓட்டையை அடைக்க வந்த விதிதான் என்னைப் பொறுத்தவரை முழுத் திட்டத்திலும் மிகக் கெட்டிக்காரத்தனமான பகுதி. 2007ல் விரல் திட்டம் தேசியக் கட்டளையானபோது அது உறுதியாகப் பதிந்தது: 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலுவலகக் கட்டடம் என்றால், பொதுவாக ரயில் நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள்தான் வர வேண்டும்.

ஏன் வீட்டை விட்டுவிட்டு அலுவலகத்தைப் பிடித்தார்கள்? வீட்டிலிருந்து நிலையம் இரண்டு கிலோமீட்டர் என்றாலும் சைக்கிளில் போய்விடலாம். சைக்கிள் வீட்டில்தானே இருக்கிறது. இறங்குகிற நிலையத்தில் அந்தச் சைக்கிள் இருக்காது. அங்கிருந்து நடைதான். நடை பத்து நிமிடத்தைத் தாண்டும்போது ரயிலில் வருவோர் எண்ணிக்கை சட்டென்று விழுகிறது. ஆகவே பயணத்தின் வேலைமுனையை நிலையத்தோடு கட்டிப்போட்டால் வீட்டுமுனை கொஞ்சம் தளர்ந்தாலும் ரயில் தாங்கும். சரக்கு அதிகம் கையாளும் கிடங்குகளுக்கு இந்த விதி தேவையில்லை. அவை நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கட்டும். அங்கே ஆள் குறைவு, லாரி அதிகம்.

இதைக் காப்பியடிக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வரைபடத்தில் 600 மீட்டர் வட்டம் போடுவது ஒரு நொடி வேலை. தரையில் இறங்கினால் தண்டவாளத்துக்கு ஒரே பக்கம்தான் வாசல் இருக்கும், நடுவில் எட்டு வழிச்சாலை இருக்கும், சுற்றுச்சுவர் இருக்கும். வட்டத்துக்குள் இருக்கிற கட்டடத்துக்கு நடந்து போக 1,100 மீட்டர் ஆகும். நடைதூரத்தை அளந்துதான் எல்லை போட வேண்டும், அல்லது அனுமதி தருவதற்கு முன் இரண்டாவது வாசலையும் சுரங்க நடைபாதையையும் கட்டிவிட வேண்டும். இன்னொரு சிக்கல், நகராட்சிகளின் வருமானம். 34 நகராட்சிகளில் ஒவ்வொன்றுக்கும் தன் எல்லைக்குள் நிறுவனம் வர வேண்டும். நகராட்சிக்கு நகராட்சி பேசி முடித்துக்கொள்ள விட்டிருந்தால் பச்சைப் பகுதி எப்போதோ போயிருக்கும். எல்லையை நகர்த்தும் கேள்வி அமைச்சகம்வரை போக வேண்டும் என்பதால்தான் அது மெதுவாகக் கரைகிறது. 2013, 2017, 2019 திருத்தங்கள் ஒவ்வொன்றின்போதும் எல்லையைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லிக் கோரிக்கைகள் வரிசையில் நின்றன.

பழைய நகரத்துக்கு இதனால் என்ன கிடைத்தது? கோட்டைச் சுவருக்கு வெளியே கட்டுவதற்கான தடை 1852ல் தளர்ந்தபின் ஒரே மூச்சில் எழுந்த நெருக்கமான குடியிருப்புகள்தான் உள்ளங்கையின் பெரும்பகுதி. வளர்ச்சிக்கு விரல்கள் இருந்ததால் மையத்தை இடித்து உயர்த்தும் அழுத்தம் குறைந்தது. இருந்தும் ஆபத்து வராமல் இல்லை. ஏரிகளை ஒட்டி ஒரு அதிவேகச் சாலை, வெஸ்டர்ப்ரோ என்ற பழைய குடியிருப்புப் பகுதியில் பெரும் இடிப்பு என்றெல்லாம் திட்டமிருந்தது, கைவிடப்பட்டது. 1962 நவம்பரில் சோதனையாகக் கார்களை நிறுத்திய ஸ்ட்ரோகெட் கடைத்தெரு பிறகு நடைவீதியாகவே நிலைத்தது. அந்தச் சோதனையைப் பற்றி உலகம் முழுக்க எழுதித் தள்ளிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

இனி பணம். 1950 வாக்கில் ஏழரை லட்சத்தைத் தாண்டியிருந்த மாநகராட்சியின் மக்கள்தொகை 1990களின் தொடக்கத்தில் நான்கரை லட்சத்துக்குச் சற்று மேலே வந்து நின்றது. சம்பாதிக்கும் குடும்பங்கள் விரல்களுக்குப் போய்விட்டன. முதியோரும் மாணவரும் வேலையில்லாதவரும் உள்ளங்கையில் தங்கினார்கள். மாநகராட்சி திவாலின் விளிம்பில் இருந்தது. விரல் திட்டம் வெற்றி பெற்றதன் விலை இது. அப்போது இயற்றிய 1992 சட்டத்தில் பிறந்த புது நகரப் பகுதிதான் ஓரெஸ்டட்: அமாகெர் தீவில் 5 கிலோமீட்டர் நீளம், 600 மீட்டர் அகலம், சுமார் 310 ஹெக்டேர் பொதுநிலம். மாநகராட்சிக்கு 55, அரசுக்கு 45 சதவீதப் பங்குடன் ஒரு நிறுவனம் அமைத்தார்கள். கடன் வாங்கி மெட்ரோ கட்டு, மெட்ரோ வருவதால் ஏறும் மனை விலையில் கடனை அடை. முதல் பகுதி 2002 அக்டோபரில் ஓடியது.

கணக்கு அழகாகத்தான் இருந்தது. நடந்தது வேறு. மெட்ரோ செலவு கூடியது, மனை விற்பனை எதிர்பார்த்ததைவிட மெதுவாகப் போனது, 2008 நெருக்கடி வந்தது. கடன் அடைக்கும் காலம் தள்ளிக்கொண்டே போனது. இதற்கிடையில் வருமானம் வேண்டும் என்பதற்காகப் பெரிய பெரிய மனைகளாகப் பெரிய வாங்குநர்களுக்கு விற்றார்கள். சின்னக் கடைகள் வருவதற்கு முன்பே 2004ல் ஃபீல்ட்ஸ் என்ற பிரம்மாண்ட வணிக வளாகம் வந்துவிட்டது. தெருவில் இருக்க வேண்டிய கடைகள் கூரைக்குள் போய்விட்டன. அகலமான தெரு, உயரமான கட்டடம், கடற்காற்று. மூன்றும் சேர்ந்தால் நடக்க ஆள் வராது. மனை அளவைச் சிறிதாக்கி, தரைத்தளத்தில் கடைவாசலைக் கட்டாயமாக்கியிருந்தால் பாதிக் குறை வந்திருக்காது. பிறகு நோர்ட்ஹாவ்ன் துறைமுகப் பகுதியைக் கட்டும்போது சிறிய தெரு, சிறிய மனை என்று மாறிக்கொண்டார்கள்.

இந்தக் கடன்முறையின் இன்னொரு விளைவு அமாகெர் புல்வெளி. எந்த நிலத்தின் விலையை நம்பி மெட்ரோ கட்டினார்களோ அதில் ஒரு பகுதி அரிய உயிரினங்கள் வாழும் திறந்தவெளி. மக்கள் எதிர்த்தார்கள். 2017ல் கட்டுமானத்தை வேறு மூலைக்கு நகர்த்தினார்கள். சண்டை அங்கேயும் தொடர்ந்தது. எந்த மாநகராட்சி உறுப்பினருக்கும் புல்வெளிமேல் வெறுப்பில்லை. விற்காவிட்டால் கடன் கணக்கில் ஓட்டை விழும். பச்சையைக் காக்கிற திட்டமும் பச்சையை விற்றால்தான் கட்டுப்படியாகிற கடனும் ஒரே கையெழுத்தில் இருந்தன.

வீட்டு விலையிலும் இதே கதை. 1990களில் பணமுடையில் மாநகராட்சி தன் வாடகைக் குடியிருப்புகளில் ஆயிரக்கணக்கானவற்றை விற்றுத்தீர்த்தது. புதுத் திட்டப்பகுதிகளில் 25 சதவீதம்வரை குறைந்த வாடகை வீடு கேட்கும் உரிமை 2015ல்தான் சட்டமானது. அதற்குள் நல்ல இடங்கள் பலவற்றுக்குத் திட்ட அனுமதி கொடுத்தாகிவிட்டது.

1947 ஆட்கள் நினைத்தே பார்க்காதது மழை. 2011 ஜூலை 2 அன்று இரண்டு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. சேதம் பல நூறு கோடி குரோனர். மறுஆண்டே மேகவெடிப்புத் திட்டம் தயார். இலக்கை ஒரே வாக்கியத்தில் வைத்தார்கள்: நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழையிலும், குறிப்பிட்ட இடங்களைத் தவிர, தெருவில் 10 சென்டிமீட்டருக்கு மேல் நீர் நிற்கக் கூடாது. ஏன் 10? ஏறக்குறைய தெருவோர நடைபாதை விளிம்பின் உயரம் அது. அதைத் தாண்டினால் அடித்தள வீடுகளுக்குள் நீர் புகும். குழாயை மட்டும் பெரிதாக்கினால் செலவு மலைக்கும் என்று கணக்குப் பார்த்து, மேலே தெருவிலும் பூங்காவிலும் நீரைத் தேக்க சுமார் 300 வேலைகளைப் பிரித்தார்கள். செலவில் பெரும்பங்கைத் தண்ணீர்க் கட்டணத்திலிருந்து எடுக்கச் சட்டத்தையும் திருத்தினார்கள்.

எங்ஹாவெ பூங்காவைப் பாருங்கள். 2019ல் மறுபடி திறந்தது. 22,600 கன மீட்டர் நீர் பிடிக்கும். சாதாரண மழையில் கூரைநீர் நிலத்தடித் தொட்டிக்குப் போய்ச் செடிக்குப் பயன்படும். பலத்த மழையில் தாழ்த்தி அமைத்த விளையாட்டுத் திடல் நிரம்பும். மேகவெடிப்பில் பூங்காவே குளமாகும்: தாழ்ந்த பக்கங்களைச் சுற்றி உட்காருவதற்கான திண்டு போல ஓடுகிற சுவர்தான் அணை, வாசல்களில் தடுப்புகள் எழுந்து அடைத்துக்கொள்ளும். மீதி நாளெல்லாம் பிள்ளைகள் பந்தடிக்கிற இடம். பராமரிப்பில்தான் கவனம் வேண்டும். சேறு படிந்த வடிகால் வாயையும் வருடக்கணக்கில் அசையாத தடுப்பையும் யார் சோதிப்பது, யார் செலவு என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவைக்காவிட்டால் பூங்காத் துறையும் நீர் நிறுவனமும் ஒருவரையொருவர் கைகாட்டும்.

எல்லா இலக்கும் இப்படி அளந்து வைக்கப்படவில்லை. 2025ல் கரிம நடுநிலை, அதாவது நிகரக் கரிம உமிழ்வு பூஜ்யம், என்று 2012ல் அறிவித்த இலக்கை 2022ல் கைவிட்டார்கள். உமிழ்வைப் பெருமளவு குறைத்தது உண்மை. மிச்சத்தை ஒரு குப்பை எரிஆலையில் கரிமத்தைப் பிடிக்கும் கருவியை நம்பி விட்டார்கள். அதற்கு நிதி கிடைக்கவில்லை. ஒரே தூணில் நின்ற கணக்கு.

இப்போதைய பெரிய பந்தயம் லினெட்டெஹோல்ம். துறைமுக வாயில் கடலை நிரப்பி சுமார் 275 ஹெக்டேர் தீபகற்பம், 35,000 பேருக்கு வீடு, கூடவே புயல் அலைக்குத் தடுப்பு. நாடாளுமன்றம் 2021ல் அனுமதித்தது. நிரப்புவது கட்டுமான இடங்களில் தோண்டும் உபரி மண், சுமார் 8 கோடி டன். மண் கொண்டுவருவோர் கட்டணம் கட்ட வேண்டும். பின்னர் மனை விற்பனை. முழுவதும் முடிய 2070 வாக்கில் ஆகும். கோகே விரிகுடாவில் சேறு கொட்டியது பற்றி ஸ்வீடன்வரை எதிர்ப்புக் கிளம்பி 2022ல் அதை நிறுத்த வேண்டிவந்தது. மண் வரத்து நகரம் எவ்வளவு தோண்டுகிறது என்பதைப் பொறுத்தது. கட்டுமானம் மந்தமானால் மண் வராது. மண் வராவிட்டால் மனை தயாராகாது. அதன் விற்பனையைச் சேர்த்துப் போடுகிற சாலை, மெட்ரோ கணக்கு, ஓரெஸ்டட்டில் நடந்தது போலவே, அடுத்த தவணைக்குத் தள்ளிப்போகும்.