புது நாட்டில் பழைய கார்: வீட்டில் வேலை பார்க்க எந்தக் கருவி, எந்த வரிசையில்?

குடியேறிய முதல் ஓரிரு வருடங்களில் வாங்குகிற கார் அநேகமாக இரண்டு மூன்று கை மாறி வந்ததாகத்தான் இருக்கும். கேரேஜில் விட்டால் உதிரிபாகத்துக்கு ஒரு விலை, கூலிக்கு ஒரு விலை என்று பில் வரும். கூலியை மணிக்கணக்கில் போடும் நாடுகளில், பத்து நிமிட வேலைக்கும் குறைந்தபட்சக் கட்டணம் உண்டு. எஞ்சின் ஆயில், ஏர் ஃபில்ட்டர், பேட்டரி, ஸ்பார்க் பிளக், பிரேக் பேட், குளிர்கால டயர் இவற்றையெல்லாம் நிதானமும் சரியான கருவியும் இருந்தால் வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம். அதற்கு முன் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துவிடுங்கள். பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பார்க்கிங்கில் வண்டியைத் தூக்கி வேலை பார்க்கவோ ஆயில் இறக்கவோ தடை இருக்கும்.

பணம் வீணாவது பெரும்பாலும் பெரிய பெட்டி செட்டில்தான். 200 துண்டு என்று மேலே அச்சிட்டிருக்கும். உள்ளே எண்ணினால் பாதிக்கு மேல் சின்னச் சின்ன பிட்டுகள். மிச்சத்தில் மில்லிமீட்டர் பாதி, அங்குலம் பாதி. இன்று சாலையில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை மில்லிமீட்டர் கணக்கில் செய்தவை. அங்குல சாக்கெட்டுகள் (போல்ட்டின் தலையில் கவிழ்த்து மாட்டும் கிண்ணங்கள்) பெட்டியிலேயே தூங்கும். அதைவிட மோசம், கிட்டத்தட்டப் பொருந்துகிற அங்குல அளவை அவசரத்தில் மாட்டிவிடுவது. 14 மி.மீ. போல்ட்டில் 9/16 அங்குல சாக்கெட் உட்காரும்; ஆனால் அது 14.29 மி.மீ. அழுத்தித் திருப்பினால் போல்ட்டின் முனைகள் மழுங்கிப்போகும். அப்புறம் சரியான சாக்கெட்டும் பிடிக்காது.

எனவே முதலில் காரைப் பாருங்கள். ஜப்பானிய, கொரியக் கார்களில் 8, 10, 12, 14, 17, 19, 21 என்ற அளவுகளே திரும்பத் திரும்ப வரும். ஜெர்மன் கார்களில் 10, 13, 16, 17, 18 அதிகம். கூடவே நட்சத்திர முகம் கொண்ட டார்க்ஸ் தலைகள் (டி20, டி25, டி30), அறுகோணக் குழி கொண்ட ஆலன் தலைகள், சில இடங்களில் பன்னிரண்டு முனை எக்ஸ்இசட்என் தலைகள். வாங்கும் முன் கவனிக்க வேண்டிய ஒன்று: பல ஐரோப்பியக் கார்களின் முன் பிரேக் காலிபரை (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) பிடித்திருக்கும் கைடு பின்னுக்கு 7 மி.மீ. ஆலன் வேண்டும். சாதாரண ஆலன் செட்டில் 6-க்கு அடுத்து 8 தான் இருக்கும். சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பலருக்கு இது தெரியவரும். 7 மி.மீ. ஆலன் பிட் சாக்கெட் ஒன்றைத் தனியாக வாங்கிவிடுங்கள்.

சாக்கெட்டை மாட்டித் திருப்பும் ராட்செட் கைப்பிடியில் 1/4, 3/8, 1/2 அங்குலம் என்று மூன்று சதுர முனைகள் உண்டு. சாக்கெட்டின் அளவு மில்லிமீட்டரில் இருந்தாலும் இந்தச் சதுரம் உலகம் முழுக்க அங்குலத்தில்தான். ஒன்றே ஒன்று வாங்குவதானால் 3/8. எஞ்சின் அறைக்குள் கை நுழையும் இடங்களுக்கும் பிரேக்கின் சிறிய போல்ட்டுகளுக்கும் அது போதும். சக்கர நட்டுக்கும் காலிபர் தாங்கிக்கும் 1/2 வேண்டும். அந்தச் சாக்கெட்டுகளில் 17, 19, 21 மூன்றும் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். 1/4 பிறகு பார்த்துக்கொள்ளலாம். ராட்செட்டில் 72 பல் இருந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் 5 டிகிரி இடம் போதும். நெருக்கமான இடத்தில் இது பெரிய உதவி.

சாக்கெட் ஆறு முனையா, பன்னிரண்டு முனையா என்று கேட்டால், தயங்காமல் ஆறு. அது போல்ட்டின் தட்டையான பக்கங்களைப் பிடிக்கும்; துருப்பிடித்த போல்ட்டில் வழுக்காது. 10 மி.மீ. சாக்கெட்டை மட்டும் ஆழமானது ஒன்றும் குட்டையானது ஒன்றுமாகக் கூடுதலாக வாங்கி வையுங்கள். பேட்டரி முனையிலிருந்து ஏர் ஃபில்ட்டர் பெட்டி வரை எங்கும் தேவைப்படுவது அதுதான், எஞ்சின் அறைக்குள் விழுந்து காணாமல் போவதும் அதுதான். 75, 150, 250 மி.மீ. நீட்டிப்புக் கம்பிகள், சாக்கெட்டைச் சாய்வாகத் திருப்ப உதவும் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட், 8 முதல் 19 வரை ரிங்கும் திறந்த வாயும் சேர்ந்த ஸ்பானர் வரிசை ஆகியவையும் வேண்டும்.

ஸ்க்ரூ டிரைவரில் ஒரு நுட்பம் உண்டு. ஜப்பானியக் கார்களின் பிளஸ் தலைத் திருகுகள் சாதாரண பிலிப்ஸ் போலவே தெரியும். ஆனால் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தரத்தில் செய்தவை. பிலிப்ஸ் முனை அதற்குள் முழுதாக உட்காராமல், அழுத்தித் திருப்பும்போது மேலே எழும்பித் தலையைச் சீவிவிடும். பிரேக் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் திருகுகள் வருடக்கணக்கில் துருவோடு இறுகியிருப்பதால் அங்கேதான் இது அதிகம். ஜேஐஎஸ் முனை ஒன்றும், சுத்தியலால் அடிக்கும்போது சுழலும் கை இம்பாக்ட் டிரைவர் ஒன்றும் இருந்தால் துளை போட்டு எடுக்கும் நிலை வராது.

இனி, கஞ்சத்தனம் காட்டக் கூடாத கருவிகள். வண்டியோடு டிக்கியில் வரும் கத்தரி ஜாக்கி வழியில் ஸ்டெப்னி மாட்டுவதற்கு மட்டுமே. வீட்டு வேலைக்கு 2 அல்லது 3 டன் டிராலி ஜாக்கி வாங்குங்கள். உங்கள் வண்டி தாழ்வானதென்றால் ஜாக்கியின் ஆரம்ப உயரம் 90 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே நுழையாது. ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஹைட்ராலிக் ஜாக்கியின் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் எச்சரிக்கை தராமல் விட்டுவிடும். ஆகவே ஒரு ஜோடி ஸ்டாண்டு போடாமல் வண்டிக்கு அடியில் கையைக்கூட நீட்டக் கூடாது. ஸ்டாண்டில் எழுதியிருக்கும் டன் கணக்கு ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று படித்துப் பாருங்கள். செங்கல்லும் சிமென்ட் பிளாக்கும் ஒருபோதும் மாற்றாகாது. பாரம் ஒரு புள்ளியில் விழும்போது அவை விரிசல்கூடக் காட்டாமல் நொறுங்கும். வெயிலில் இளகிய தார்த் தரையில் ஸ்டாண்டின் கால்கள் இறங்கிவிடும் என்பதால் அடியில் தடித்த பிளைவுட் போடுங்கள். தரையைத் தொட்டு நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஸ்டாண்டில் இறக்கியதும் வண்டியைப் பக்கவாட்டில் நன்றாக அசைத்துப் பார்த்த பிறகே அடியில் போகலாம்.

அடுத்தது டார்க் ரெஞ்ச். எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று காட்டும் இந்தக் கருவியை ஆடம்பரம் என்று ஒதுக்குகிறவர்கள்தான் ஆயில் சம்ப்பின் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) மரையை அழித்துவிட்டு வந்து நிற்கிறார்கள். சம்ப் பல கார்களில் அலுமினியம்; ஆயிலை இறக்கக் கழற்றும் டிரெயின் போல்ட் எஃகு. கூடுதலாக முறுக்கினால் தோற்பது அலுமினிய மரைதான். 1/2 அங்குல முனையில் 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் கிளிக் வகை ஒன்று சக்கரத்துக்கும் காலிபர் தாங்கிக்கும் போதும். ஸ்பார்க் பிளக், டிரெயின் போல்ட் இரண்டும் அதற்குக் கீழே வரும்; அதற்கு 3/8 முனையில் சிறியது ஒன்று பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.

புலம்பெயர்ந்தவர்கள் தடுக்கி விழும் இடம் அலகு. ஒரு நாட்டுக் கையேடு நியூட்டன் மீட்டரில் சொல்லும், இன்னொரு நாட்டுக் காணொளி பவுண்டு-அடியில் சொல்லும். 1 பவுண்டு-அடி என்பது 1.356 நியூட்டன் மீட்டர். 30 நியூட்டன் மீட்டர் முறுக்க வேண்டிய டிரெயின் போல்ட்டை 30 பவுண்டு-அடி வைத்து முறுக்கினால் ஏறக்குறைய 41 போய்விடும். ரெஞ்சின் கைப்பிடியில் பெரும்பாலும் இரண்டு அளவுகோலும் எதிரெதிரே பொறித்திருக்கும். எதைப் பார்க்கிறோம் என்று உறுதி செய்துகொண்டு திருகுங்கள். டயர் காற்றுக்கும் இதே கதைதான்: 32 பிஎஸ்ஐ, 2.2 பார், 220 கிலோபாஸ்கல் மூன்றும் ஒன்றே.

கிளிக் சத்தம் கேட்டதும் நிறுத்த வேண்டும். உறுதிக்காக இன்னொரு தரம் அழுத்தினால் அளவு மீறும். வேலை முடிந்ததும் கீழ்க்கோடியில் இருக்கும் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி வையுங்கள். சுருள் அழுத்தத்திலேயே கிடந்தால் அளவு பிசகிவிடும். இறுகிய நட்டைக் கழற்ற இதைப் பயன்படுத்தவே கூடாது. அதற்கு 600 மி.மீ. நீளமுள்ள பிரேக்கர் பார் இருக்கிறது. அடித்து அடித்துச் சுழற்றும் பேட்டரி இம்பாக்ட் கன் வைத்திருப்பவர்கள் கழற்ற மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், அதற்குரிய கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்டோடு. பளபளக்கும் குரோம் சாக்கெட் அந்த அடியில் வெடித்துச் சிதறலாம்.

பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடாக இருந்தால் உங்கள் முதல் எதிரி துரு. நட்டெல்லாம் கழற்றிய பிறகும் சக்கரம் வராது. அலாய் வீலின் நடுத்துளை, சக்கரம் உட்காரும் ஹப்போடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜாக்கியில் நிற்கும் வண்டியைச் சுத்தியலால் அடித்து ஆட்டாதீர்கள். நட்டுகளை மறுபடி கையால் மாட்டி, இரண்டு சுற்று தளர்வாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் ஓரடி மெதுவாக நகர்த்துங்கள். வண்டியின் எடையிலேயே ‘டக்’ என்று விடும். பிறகு மறுபடி தூக்கி ஸ்டாண்டில் வைத்து, சக்கரத்தை எடுத்து, ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷால் பளிச்சென்று வரும்வரை தேய்த்து, நடுவளையத்தில் மட்டும் மெல்லியதாக ஆன்ட்டி சீஸ் (ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவுங்கள். நட்டின் மரையில் தடவ வேண்டாம். மரை வழுக்கினால் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவில் நட்டு தேவைக்கு மேல் இறுகும். மற்ற துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு ஊடுருவும் எண்ணெய் அடித்து வைப்பது பலன் தரும்.

பழைய கார் வாங்கியவர்கள் திருட்டைத் தடுக்கப் போடும் பூட்டுச் சக்கர நட்டின் சாவி இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். ஸ்டெப்னிக் குழியிலோ டேஷ்போர்டு அறையிலோ கிடக்கும். பல ஐரோப்பியக் கார்களில் சக்கரத்துக்கு நட்டுக்குப் பதில் போல்ட் என்பதால், சக்கரத்தை ஒரு கையில் தாங்கிக்கொண்டே துளையைத் தேட வேண்டியிருக்கும். ஹப்பில் திருகி வைக்கும் வழிகாட்டிப் பின் ஒன்று இருந்தால் இந்தத் திண்டாட்டம் இல்லை. எம்12 அல்லது எம்14, மரை இடைவெளி 1.5 மி.மீ. என்பதே வழக்கம், உங்கள் போல்ட்டோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

ஆயில் மாற்ற 8 முதல் 10 லிட்டர் கொள்ளும் தட்டு, புது வாஷர், ஃபில்ட்டர் கழற்றி. ஃபில்ட்டர் இரண்டு வகை. தகரக் குப்பி வகைக்குக் கிண்ணம் போன்ற கழற்றி. அதன் விட்டமும் பக்கங்களின் எண்ணிக்கையும் ஃபில்ட்டருக்குப் பொருந்த வேண்டும். பிளாஸ்டிக் மூடிக்குள் காகித ஃபில்ட்டர் என்றால் மூடியின் தலையைப் பொறுத்து 27, 32 அல்லது 36 மி.மீ. சாக்கெட், பல மூடிகளில் 25 நியூட்டன் மீட்டர் என்று மேலேயே பொறித்திருக்கும். பழைய குப்பியை எடுத்ததும் அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேல் புது வளையம் உட்கார்ந்தால், எஞ்சினைக் கிளப்பியதும் ஆயில் முழுக்க வெளியே பீய்ச்சிவிடும். புது வளையத்தில் ஆயில் தொட்டுத் தடவி, அது எஞ்சினின் முகத்தைத் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று. பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் ஊற்றி உங்கள் ஊராட்சியின் கழிவு சேகரிப்பு நிலையத்தில் கொடுங்கள். சாக்கடையில் ஊற்றினால் பல நாடுகளில் அபராதம் கடுமை.

பிரேக் பேட் வேலையில் முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டும் வேறு வேறு. முன்பக்கப் பிஸ்டனை ஒரு சி கிளாம்ப் வைத்து நேராக உள்ளே தள்ளலாம். பின்பக்கக் காலிபரிலேயே கைப்பிரேக்கும் சேர்ந்திருந்தால் பிஸ்டனைச் சுழற்றியபடியே தள்ளும் கருவி வேண்டும். நேராக அழுத்தினால் உள்ளே இருக்கும் பொறி உடையும். பொத்தானால் இயங்கும் மின் கைப்பிரேக் என்றால் முதலில் ஸ்கேனர் மூலமோ கையேடு சொல்லும் முறையிலோ அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கழற்றிய காலிபரை ஹோசில் தொங்கவிடாமல் சஸ்பென்ஷன் சுருளில் கம்பி கட்டி மாட்டுங்கள். எல்லாம் மாட்டியதும், வண்டியை நகர்த்துவதற்கு முன்பே, பிரேக் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். முதல் மிதிகள் பிஸ்டனைப் பேடோடு சேர்ப்பதற்கே போகும். அதைச் செய்யாமல் கிளப்பினால் முதல் திருப்பத்தில் பிரேக் பிடிக்காது.

மின்சாரப் பக்கத்துக்குச் சாதாரண மல்ட்டிமீட்டரும், காரின் கணினியில் பதிவான பிழை எண்ணைப் படிக்கும் ஓபிடி2 ஸ்கேனரும் போதும். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.7 வரை இல்லையென்றால் பேட்டரியை மாற்றுவது வீண், அதற்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். புதிய கார்கள் சிலவற்றில் அதன் மின்னணு தேவைக்கேற்ப வோல்ட்டைக் குறைத்து ஏற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் காட்டும் எண்ணை முதலில் எழுதி வைத்துவிட்டு அழியுங்கள். புகைச் சோதனைக்குப் போகும் வாரத்தில் அழிக்கவே கூடாது. அழித்தால் வண்டியின் உள் சோதனைகளும் பூஜ்யத்துக்குப் போய், அவை மறுபடி ஓடி முடியும்வரை பல இடங்களில் வண்டி தேறாது.

சஸ்பென்ஷன் சுருளை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர், ஏர்பேக், ஹைப்ரிட் மற்றும் மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் மூன்றையும் வீட்டில் தொட வேண்டாம். பால் ஜாயின்ட் புல்லர், பேரிங் புல்லர் போன்று ஒருமுறை மட்டும் தேவைப்படும் கருவிகளை வாங்கவும் வேண்டாம். முன்பணம் வாங்கிக்கொண்டு கருவியை இரவல் கொடுக்கும் உதிரிபாகக் கடைகளும், கருவி நூலகங்களும் சில நாடுகளில் உண்டு. உங்கள் ஊரில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.