செவ்வாய், வியாழன், சனி: எங்கள் காரின் நாட்குறிப்பு

2025 செப்டம்பர் 6, சனி

காலை 6.10. அத்தையைச் சக்கர நாற்காலியிலிருந்து மெல்ல எழுப்பி முன் இருக்கையில் உட்கார வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். டிக் டிக் டிக் டிக். முகப்பு விளக்குகள் மங்கின. எஞ்சின் அசையவில்லை. 6.45க்கு டயாலிசிஸ் நிலையத்தில் இருக்க வேண்டும். டாக்சி பிடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டோம். ஆனாலும் டாக்சிக்காகக் காத்திருந்த அந்தப் பத்து நிமிடமும் அத்தை என் மணிக்கட்டை விடவே இல்லை.

வண்டிக்கு வயது 11. இங்கே சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும்; சென்ற ஆண்டு அதை 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்தோம். 5 ஆண்டுக்கென்று புதுப்பித்தால் அதன்பின் மறுபடி புதுப்பிக்க முடியாது. ஆகவே 2029 வரை செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அத்தையைச் சுமக்கப்போவது இந்த வண்டிதான். இதை நான் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். அதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

மாமா 30 ஆண்டுகள் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். கைநடுக்கம் வந்த பிறகு ஸ்பேனரைத் தொடுவதில்லை. தொலைபேசியில் அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சத்தம் கேட்டதம்மா?"

அந்தக் கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. விடாமல் டிக் டிக் என்றால் பேட்டரியில் வலு இல்லை, அல்லது அதன் முனையில் இணைப்புச் சரியில்லை. 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், விளக்கும் மங்கவில்லை என்றால் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் கோளாறு பெட்ரோல் வரும் வழியிலோ தீப்பொறியிலோ இருக்கிறது. பேட்டரியை மாற்றிப் பயனில்லை.

மாலையில் எதிர் வரிசையில் வண்டி நிறுத்தும் மலாய்க்காரர் ஜம்பர் கேபிளோடு வந்து உதவினார். மாமா பக்கத்தில் நின்று வரிசை சொன்னார். சிவப்பை முதலில் நம் பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு அவருடைய பிளஸ்ஸில். கறுப்பை அவருடைய மைனஸில். கறுப்பின் மறுமுனையை மட்டும் நம் பேட்டரியில் மாட்டக் கூடாது. பேட்டரிக்குத் தள்ளி, எஞ்சினில் பெயிண்ட் இல்லாத இரும்பில் மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும், இரண்டும் சேரக் கூடாது. வண்டி உடனே கிளம்பிவிட்டது.

கிளம்பியதும் அங்கேயே எஞ்சினை ஓடவிட்டு பேட்டரியை ஏற்றலாம் என்று நினைத்தேன். சிங்கப்பூரில் நிற்கும் வண்டியின் எஞ்சினைக் காரணமில்லாமல் ஓடவிடுவது குற்றம். அதற்கும் மேல், சும்மா ஓடும் எஞ்சின் பேட்டரியை மிக மெதுவாகத்தான் ஏற்றும். ஈசூனிலிருந்து சிலேத்தார் விரைவுச்சாலையில் ஏறி 40 நிமிடம் ஓட்டிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பானட்டைத் திறந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். பேட்டரியின் பிளஸ் முனையில் பச்சையும் நீலமும் கலந்த வெள்ளைப் பொடி, பழைய சுவரில் உப்புப் பூத்ததுபோல் படர்ந்திருந்தது. எத்தனை நாளாக அங்கே இருந்ததோ! நான் திறந்து பார்த்ததே இல்லை. கையுறை மாட்டிக்கொண்டு மைனஸை முதலில் கழற்றினேன், பிறகு பிளஸ்ஸை. மாட்டும்போது மைனஸ் கடைசி. வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்ததும் பொடி நுரைத்துக் கரைந்தது. துடைத்துக் காயவைத்து, மெல்லியதாக வாசலின் தடவினேன்.

மாமாவின் பழைய வோல்ட்மீட்டரில் பார்த்தபோது, இரவெல்லாம் நின்ற வண்டி 12.1 வோல்ட் காட்டியது. நிறைந்த பேட்டரி 12.6 காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது 14.2. அப்படியானால் எஞ்சின் ஓடும்போது பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. வாங்கிக்கொண்டதை வைத்திருக்க பேட்டரியால்தான் முடியவில்லை. அதன் வயது 2 ஆண்டு 8 மாதம். நம் ஊர் வெக்கையில் அது பெரிய வயது. குளிர்தான் பேட்டரியைக் கொல்லும் என்று நினைப்பவர்கள் உண்டு. குளிரில் அது படுத்துவிடும், அவ்வளவுதான். உள்ளுக்குள் அரித்துத் தேய்ப்பது வெப்பம்.

நம் பங்கும் இருக்கிறது. டயாலிசிஸ் நிலையம் 3 கிலோமீட்டர்தான். ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம் திரும்பி ஏறுவதற்குள் எஞ்சினை நிறுத்திவிடுகிறோம். புது பேட்டரி போட்டாயிற்று. இனி ஞாயிறுதோறும் அரை மணி நேரம் விரைவுச்சாலை. அத்தைக்கும் காற்று வாங்கியது போலாகும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

டயர். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் நம் வண்டிக்கு வேண்டிய காற்றழுத்தம் இருக்கிறது: 220 கிலோபாஸ்கல், அதாவது 32 பிஎஸ்ஐ. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அழுத்த எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்சம். அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. வண்டி ஓடினால் டயர் சூடாகி அழுத்தம் கூடிக் காட்டும் என்பதால் காலையில் ஓட்டுவதற்கு முன்பே அளந்தேன். மூன்று டயர்கள் 210. இடது பின்டயர் மட்டும் 175. ஒரு டயர் மட்டும் இறங்கியிருந்தால் காரணம் இல்லாமல் இருக்காது. கைவிளக்கை அடித்து ஒவ்வொரு பள்ளமாகத் தேடினேன். திருகாணி ஒன்று தலைவரை புதைந்து, தேய்ந்து பளபளவென்றிருந்தது. பிடுங்காமல் அப்படியே மெல்லப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். நடுப்பகுதியில் குத்தியதால் அடைத்துத் தந்தார்கள். பக்கச் சுவரில் குத்தியிருந்தால் டயரையே மாற்ற வேண்டும்.

பின்பெட்டியில் இருக்கும் மாற்றுச் சக்கரத்தையும் பார்க்கச் சொன்னார் மாமா. அதன் பக்கவாட்டில் 1214 என்று நான்கு இலக்கம்: 2014ஆம் ஆண்டின் 12ஆவது வாரத்தில் செய்தது. 11 ஆண்டுகளாக இருட்டில் படுத்தே கிடந்திருக்கிறது. ஒல்லியான தற்காலிகச் சக்கரம் அது. அதற்கு 420 கிலோபாஸ்கல் வேண்டும்; இருந்ததோ 190. ரப்பரிலும் நுண்ணிய வெடிப்புகள். மாற்றிவிட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

நேற்று இறங்கும்போது அத்தையின் காலுறை நனைந்திருந்தது. முன்பக்கப் பயணி காலடியில் கம்பளம் சொதசொதவென்று இருக்கிறது. ஒரு பட்டறையில் கேட்டதற்கு, டாஷ்போர்டை இறக்கி ஏர்கான் குளிர்ச்சுருளையே மாற்ற வேண்டும், 900 வெள்ளி (டாலர்) ஆகும் என்றார்கள். யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை.

மாமா சொன்னார்: "விரலால் தொட்டுப் பார். பிசுபிசுப்பா, இனிப்பு வாசமா?" இரண்டும் இல்லை, வெறும் தண்ணீர். பிசுபிசுத்திருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கசிகிறது என்று பொருள். அது தள்ளிப்போடக்கூடிய வேலை அல்ல. அடுத்து, ஏர்கானைப் போட்டு 10 நிமிடம் நிறுத்தாமல் ஓட்டிவிட்டு வந்து வண்டிக்கு அடியில் பார்க்கச் சொன்னார். நம் ஊர் ஈரக்காற்றில் ஏர்கான் ஓடினால் அடியில் தண்ணீர் சொட்டியே ஆக வேண்டும். தரை காய்ந்து கிடந்தது. வெளியே போக வேண்டிய தண்ணீர் உள்ளே போகிறது.

எஞ்சின் ஆறியதும், நாம் உட்காரும் அறைக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள சுவரில் கட்டைவிரல் பருமனில் தொங்கும் ரப்பர் குழாயைக் கண்டுபிடித்தேன். கம்பி விட்டுக் குத்தக் கூடாது. உள்ளே குளிர்ச்சுருள் ஓட்டையாகிவிடும். குழாயை விரலால் பிசைந்து, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று அடித்தேன். முதலில் கறுப்பாக, கோப்பி வண்டல்போல் ஏதோ வந்து விழுந்தது. பின்னாலேயே தண்ணீர் கொட்டியது, ஒரு குவளைக்குமேல் இருக்கும். மாமா கைதட்டினார்.

கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஏர்கான் வடிகட்டியையும் உருவிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் இலைத்துணுக்குகளோடு இருந்தது. புதியது வாங்கிப் போட்டதில் செலவு 25 வெள்ளி. கம்பளத்தைத் தூக்கிவிட்டு, மின்விசிறி வைத்து இரண்டு நாள் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அத்தையின் நெஞ்சுக்கு அது ஆகாது.

அக்டோபர் 5, ஞாயிறு

இரவு மழைக்குப் பிறகு காலையில் பிரேக் கரகரத்தது. மூன்று நான்கு முறை மிதித்ததும் நின்றுவிட்டது. அது தட்டில் படிந்த மேல்துரு, பயப்பட ஒன்றுமில்லை. மிதிக்கும்போதெல்லாம் கீச்சென்று கேட்டால் பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம்.

அக்டோபர் 11, சனி

10 வயதைக் கடந்த காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை. நேற்றிரவு சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தி, சுவரில் விழும் வெளிச்சத்தைக் கண்ணாடியில் பார்த்தே பின்விளக்குகளை எல்லாம் சரிபார்த்தேன். எண்பலகைக்கு மேலுள்ள சிறு விளக்கு எரியவில்லை. இரண்டு வெள்ளி பல்புதான், ஆனால் அதற்காகவே திருப்பி அனுப்பிவிடுவார்கள். டயர்ப் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நம்முடையது 4 இருந்தது. அத்தைக்குச் சிகிச்சை நடக்கும் 4 மணி நேரத்திற்குள் போய், புகை, பிரேக், அடிப்பாகம் எல்லாம் தேறி, சான்றிதழோடு திரும்பி வந்துவிட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. மலேசியாவின் குளுவாங்கில் நாத்தனார் வீடு. செவ்வாய் டயாலிசிஸுக்குத் திரும்பிவிட வேண்டும். பெட்ரோல் முக்கால் தொட்டிக்குமேல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு விடியுமுன் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடந்தோம்.

மாச்சாப் ஓய்வுநிலையத்தில் ஒரு கார் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. தமிழ்க் குடும்பம், பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகள். வண்டி ஓட்டிவந்த தம்பி துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்துவிட்டார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிட்டேன். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடி திறந்த நொடியில் அத்தனையும் ஒன்றாகப் பொங்கி முகத்தில் அடிக்கும்.

அரை மணி நேரத்துக்கும் மேல் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அத்தை பிள்ளைகளுக்கு முறுக்கு கொடுத்தார். பிறகு ரேடியேட்டரின் மேல்பக்க ரப்பர் குழாயை மாமா துணியோடு அழுத்திப் பார்த்தார், இறுக்கம் இல்லை. தம்பி மூடியைச் சிறிது சிறிதாகத் திருகித் திறந்தார். உள்ளே தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. எங்களிடமிருந்த இரண்டு பாட்டிலையும் மெதுவாக ஊற்றினோம். கீழ்க் குழாயின் கவ்வி தளர்ந்திருந்தது. ஸ்குரூடிரைவரால் இறுக்கியதும் சொட்டு நின்றது. எஞ்சினை ஓடவிட்டு, வெப்பநிலை காட்டும் முள் நடுவில் நிற்கிறதா என்று கால் மணி நேரம் பார்த்தோம்.

"யாரிடம் கற்றுக்கொண்டீர்கள், அக்கா?" என்று அந்தத் தம்பி கேட்டார். மாமாவைக் காட்டினேன். மாமா அதற்குள் எங்கள் பானட்டைத் திறந்து, நடுங்கும் விரலால் கூலன்ட் அளவுக்கோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.